சீ என்றொரு சுரம்

இன்று காலை என் மனைவி என்னைப் பார்த்து "சீ!" என்றாள். வாசலில் காயவைத்திருந்த வற்றல்மேல் நான் சைக்கிளை ஏற்றிவிட்டேன், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தக் குரல் மேல் ஷட்ஜத்துக்கு ஒரு படி கீழே, நிஷாதத்தில், துளி அசைவில்லாமல் வந்து நின்றது. சிரித்துவிட்டேன். அதற்கு இன்னொரு "சீ!" கிடைத்தது. அது சுருதி விலகியிருந்தது.

பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷங்களைச் சொல்கிறேன். நெரவியில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கற்ற பிரெஞ்சுக்குக் காரைக்கால் மேரியில், அதாவது நகரசபைக் கட்டடத்தில், குமாஸ்தா வேலை கிடைத்தது. அப்பா களத்துமேட்டில் ஆளை நிறுத்தி, "எம்மவன் மேரியில இருக்கான்" என்பார். மேரி யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தவர்களும் உண்டு.

அங்கே பழக்கமானவர்தான் முசே ஞானம். மற்ற ஊரில் ஐயா என்பதைத்தான் காரைக்காலில் முசே என்போம். சைகோனில் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது ஓர் அக்கோர்தியோன் கொண்டுவந்தார்; மார்பில் மாட்டிக்கொண்டு துருத்திபோல இழுத்து வாசிக்கிற பெட்டி. பாடுவார், படம் எழுதுவார், ஆட்டம் கட்டுவார், ஆடுகிறவர்களுக்குச் சட்டையும் அவரே தைப்பார். ஒரு கப்பல் கரைக்கு வரும் கதையை நாகஸ்வரமும் அக்கோர்தியோனும் சேர்ந்து சொல்ல வேண்டும். அதற்கு ஓர் ஆட்டம். பின்னால் ஒரு கடல். சைகோன் முகாமில் கட்டிலில் படுத்தபடியே இதையெல்லாம் மனசுக்குள் கட்டி முடித்திருந்தார். ஒரே ஒரு தடவை சொந்த ஊரில் அதைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை அவருக்குக் கிடையாது.

எந்த வீட்டில் கதவுக்கு வண்ணம் பூசினாலும் அந்த எண்ணெய் வாசனை என்னை அவர் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தும். மரைக்காயர் கடையில் வாங்கிய பழைய கப்பல் பாய்த்துணியில் கடல் எழுதிக்கொண்டிருந்தார். மீன் கொண்டுவந்த கோட்டுச்சேரிமேட்டு அம்மாள் கூடையை இறக்காமலே பார்த்தாள்.

"எந்த ஊரு கடலுங்க இது? இம்மாம் நீலமா?"

"சைகோன் கடல்."

"அதான பாத்தேன். நம்மூருது கலங்கலா இல்ல இருக்கும்!"

நாகஸ்வரத்துக்கு எங்கள் நெரவி கலியபெருமாள் பிள்ளை. ராகம் சங்கராபரணம், வெள்ளைக்காரன் சுரவரிசையோடு பொருந்தும் என்று முசே தேடிப் பிடித்தது. ஆனால் பிள்ளையின் நிஷாதம், அந்த நி, ஓரிடத்தில் நிற்குமா? ஊஞ்சலாடியது. அக்கோர்தியோன் அதன் அடியில் ஒட்டாமல் பல்லிளித்தது. முசேக்கு ச ரி க ம வாயில் வராது; பட்டாள பாண்டில் பழகிய தோ ரே மிதான். நிஷாதத்தை அசைக்காதே என்று சொல்ல நினைத்தவர், கையை உயர்த்தி, "சீ! சீ!" என்று கத்தினார்.

நான் ஏணியில் நின்று கடலின் ஒரு மூலையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். இறங்குவதற்குள் குழல் உறைக்குள் போய்விட்டது.

"சாமி முன்னால ஊதுற குழல் இது. இதப் பாத்து சீங்கிறாரு, பெட்டி இழுக்கிறவரு!"

அடுத்த ஞாயிறு ஆட்டம். முசே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "சுரத்ததான தம்பி சொன்னேன்?" என்றார். பிறகு, "பிள்ளை இல்லேன்னா கப்பல் வராது" என்றார்.

நெரவிக்குச் சைக்கிளை மிதித்தேன். படித்தவன் இல்லையா, பிள்ளைக்குப் பிரெஞ்சு சுரங்களை முறையாக விளக்கினேன்.

"அப்ப ச-வுக்கு என்னம்பான்?"

"தோ."

"நி-க்கு?"

"சீ."

"தோன்னு நாயக் கூப்புட்டு, சீன்னு தொரத்துறானா? போடா, போய் வேலையப் பாரு."

மறுநாள் சாயங்காலம் முசேயே பெட்டியோடு வந்து பிள்ளை வீட்டு வாசலில் நின்றார். "தோ, ரே, மி, ஃபா, சோல், லா..." என்று பாடிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்தினார். கைகூப்பி, "நி" என்றார்.

பிள்ளை திண்ணையிலிருந்து இறங்கி வந்தார்.

"முழுசாச் சொல்லுங்க முசே. கூப்புட்ட நாயப் பாதி வழியில விட்டா எப்படி?"

"சீ" என்றார் முசே, மெதுவாக. பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் வந்தது. பிள்ளை நிஷாதத்தை அசைக்காமல் பிடிக்க, அக்கோர்தியோன் அடியில் விரிந்து அதைத் தூக்கிக்கொண்டது. நாற்காலியில் இருந்த துரைமாருக்கும் மணலில் இருந்த என் அப்பாவுக்கும் ஒரே மாதிரி வாய் திறந்திருந்தது. மூச்சு விட்டதும் பிள்ளை இடப்பக்கம் நின்ற முசேயிடம் திரும்பி, "சீ!" என்றார். முசே கும்பிட்டார்.

பிறகு கொடி இறங்கியது. முசே பிரான்சுக்குக் கப்பலேறினார். மேரியில் இப்போது நான் இங்கிலீஷுடன் மல்லுக்கட்டுகிறேன். கடல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அறுப்புக் காலத்தில் அதைப் போட்டு நெல்லை மூடுகிறோம், நீலம் உள்பக்கமாக.

போன தையில் என் கல்யாணம். பிள்ளைதான் வாசித்தார். சங்கராபரணத்தில் நிஷாதம் வந்ததும் அதை அசைக்காமல் நேராகப் பிடித்து நிறுத்திவிட்டு, இடப்பக்கம் கண்ணை ஓட்டினார். மணையில் இருந்த நானும் பார்த்தேன். அங்கே குத்துவிளக்குதான் இருந்தது. அந்தச் சுரம் கொஞ்ச நேரம் தனியாக நின்றது. பிறகு பிள்ளை மெல்ல அதை அசைக்க ஆரம்பித்தார்.