தீதியின் கடைசிக் கேள்வி

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கல்கத்தாவில் பாலிகஞ்சில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. வந்து எட்டு வருஷமாகியும் அம்மாவின் வங்காளம் வாசலுக்கு வரும் மீன்காரரைத் திருப்பி அனுப்பும் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது.

எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தீதியை அழைத்து வந்தார். அக்கா வயதுக்காரர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் உளவியல் படிப்பவர். ஒரு கூட்டத்தாரைப் பற்றி இன்னொரு கூட்டத்தார் மனத்தில் என்ன முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. தமிழ் வீடுகளாகப் பார்த்துக் கேட்டு வந்தார். அவரும் சித்தப்பாவும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மொழிபெயர்க்க வேண்டிய சித்தப்பா, "நீயே கேட்டுச் சொல்லும்மா" என்று என்னை உட்காரவைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கேள்வி என்றால் மார்க் உண்டு என்று நானாகவே முடிவு செய்து, அம்மாவை எப்படியாவது பாஸாக்கிவிடத் துடித்தேன்.

வங்காளிகள் எப்படிப்பட்டவர்கள்?

"நல்லவங்க. ருசியா சாப்பிடணும், மத்தியானம் தூங்கணும். வேலைன்னா மட்டும் கொஞ்சம் வலிக்கும்."

தீதி சிரித்துக்கொண்டே எழுதினார். பக்கத்து வீட்டில் அவர்கள் இருக்கலாமா? கூடாதென்றால் நாங்கள்தான் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்றாள் அம்மா. உங்கள் வீட்டில் சாப்பிடலாமா? அம்மா பதிலாக அவர் தட்டில் இன்னும் இரண்டு முறுக்கு வைத்தாள். கல்யாண உறவு?

"அது மட்டும் சரிப்படாதும்மா."

தீதி தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். கல்யாணமாகி வரும் பெண் மீனை விட்டுவிட்டால்? தமிழும் கற்றுக்கொண்டால்?

"எதை விட்டா என்ன, அவங்க அவங்கதானே" என்ற அம்மா, தீதியின் கன்னத்தை ஆசையாகத் தடவினாள். "இந்தப் பொண்ணு எவ்வளவு பதவிசா இருக்கு பாருடி. இவளாட்டம் ஒண்ணு நம்மள்ல கெடச்சா உங்க சித்தப்பாவுக்குக் கண்ண மூடிக்கிட்டு முடிச்சிரலாம். இதையும் சொல்லு."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தீதி பேனாவை மூடிவிட்டார். அம்மா சொன்னதிலேயே அருமையான பதில் அதுதான், அதற்குப் போய் மார்க் இல்லையா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக் கெஞ்சி அதையும் எழுதவைத்தேன்.

தீதி அதற்குப் பிறகு வரவில்லை. அம்மா பாஸா, தீதி ஏன் வருவதில்லை என்று சித்தப்பாவை நச்சரித்தேன்.

"உங்கம்மா பாஸாயிட்டாங்க. அப்புறம் எதுக்கு அவங்க வரணும்?" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.