படகு கொண்டுவந்த வரிசை

எஞ்சினின் மூடியைக் கழற்றுவதற்கு முன்பு மெக்கானிக் நோல்பெர்ட்டோ ஒரு கேள்வி கேட்பார். "எதுவரைக்கும் பாத்திருக்க?" வந்தவன் பழுதான படகு எஞ்சினைத் தோளில் சுமந்து கரைமேடு ஏறி வந்திருப்பான். மூச்சு வாங்கும். "பன்னெண்டு வரைக்கும் மாமா" என்பான். "அப்ப பதிமூணப் பத்தி என் வாயக் கிளறாத" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். போகும்போது பதின்மூன்றாவது டிஸ்க்கை இரவலாகக் கொடுத்தனுப்புவார்.

எண்கள் ஆந்தைப் படங்களுடையவை. ஆந்தை என்பது ஓர் ஒற்றனின் ரகசியப் பெயர். மொத்தம் பத்தொன்பது படங்கள், நாற்பது ஆண்டுகள், மாறி மாறி நான்கு நடிகர்கள். இந்த ஊரில் அவை ஓடிய இடம் நோல்பெர்ட்டோவின் பட்டறை. முப்பது வருடத்துக்கு முன் ஜெனரேட்டரும் டிவியும் டெக்கும் அவரிடம் மட்டுமே இருந்தன. இகிட்டோஸ் நகரத்திலிருந்து மூன்று நாள் ஆற்றில் ஏறிவரும் லாஞ்சில் மாதம் ஒரு கேசட் வரும். நகரத்துக் கடையில் அன்று எது கிடைத்ததோ அது. வந்த வரிசையில் ஊர் பார்த்தது. பார்த்த வரிசையைப் பட்டறைக் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதினார். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், மங்கிய எழுத்துகளின் மேலேயே திரும்ப எழுதுகிறார்.

அந்த வரிசையில் முதல் படத்திலேயே ஆந்தையின் மனைவி சுடப்பட்டுச் சாகிறாள். ஒன்பதாவது படத்தில் மணக்கோலத்தில் வந்து சிரிக்கிறாள். ஊர் அசரவில்லை. "செத்தது அக்கா, இவ தங்கச்சி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நரைத்த ஆந்தை அடுத்த மாதமே இளைஞனாக வந்து நின்றபோதும் நோல்பெர்ட்டோ தடுமாறவில்லை. "மூஞ்சிய மறைக்கிறவன் வயச மறைக்க மாட்டானா? பெறகு என்னத்துக்குச் சம்பளம் வாங்குறான்?"

அவராலும் அவிழ்க்க முடியாத முடிச்சுகள் இருந்தன. அக்கா செத்தது தங்கச்சிக்குத் தெரியுமா? ஆந்தை ஏன் ஒருநாளும் வீட்டுக்குப் போவதில்லை? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "உப்புத் துறைமுகம் வரட்டும், தெரியும்." ஊருக்கு வராமலே போன ஒரே படம் அது. பெயர் மட்டும் வேறொரு கேசட்டின் பின்னட்டையில் இருந்தது. கேசட் ஒழிந்து டிஸ்க் வந்தது, அதிலும் பதினெட்டுத்தான் வந்தன. கதவில் பத்தொன்பதாவது வரியில் அதன் பெயர் இருக்கிறது, பக்கத்தில் டிக் இல்லை. குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்று கேட்டாலும், யாருடைய மகள் எப்போது கல்யாணத்துக்குச் சம்மதிப்பாள் என்று கேட்டாலும் இப்போது ஊரில் எல்லாரும் சொல்வது அதைத்தான்: உப்புத் துறைமுகம் வரட்டும்.

நான் மேலாற்றுக் கிராமத்தான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள். இங்கே நகராட்சியில் பண்பாட்டு உதவியாளன். பத்தொன்பது படங்களையும் இகிட்டோஸ் மாணவர் விடுதியில் இருந்தபோதே, வெளிவந்த ஆண்டு வரிசைப்படி பார்த்து முடித்தவன். இந்த ஜூனில் சான் ஹுவான் திருவிழாவுக்காக நகராட்சி ஒரு புரொஜெக்டர் வாங்கியது. பத்தொன்பது மாலை, பத்தொன்பது படம். பட்டியலை ஆண்டுவாரியாகத் தட்டச்சு செய்து, அடியில் என் பெயரையும் பட்டத்தையும் போட்டு நகராட்சி மண்டப வாசலில் ஒட்டினேன். அதன்படி உப்புத் துறைமுகம் இரண்டாவது படம்.

பொரித்த மீன் விற்கும் சொய்லா அக்காதான் முதலில் படித்தாள். பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "யோவ் நோல்பெர்ட்டோ! முப்பது வருசமா ஊரையே தலைகீழா நடக்க விட்டிருக்கியேய்யா! கடைசி கடைசின்னியே, அது ரெண்டாவதாம்ல!"

"மீனு கருகுது, அதப் பாரு" என்றார் அவர். ஆனால் கையிலிருந்த ஸ்பார்க் பிளக்கை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார்.

மறுநாள் காலை என் அலுவலகத்துக்கு வந்தார். கையை மண்ணெண்ணெயில் கழுவி, அதன்மேல் சோப்பும் போட்டிருந்தார். இரண்டு வாசனையும் வந்தது.

"உக்காருங்க மாமா."

உட்காரவில்லை. "பட்டதாரி, உன் லிஸ்டு தப்புன்னு சொல்ல வரல. நல்லாத்தான் அடிச்சிருக்க. அந்தப் படத்த நீ பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"சொல்லிராத." உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தார். "ரெண்டாம் நாளே போட்டுராதப்பா. கடைசியில வை. ஊருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ரெண்டாம் நாளே அவுத்துட்டா, மிச்சம் பதினேழு நாளும் எவன் என் மூஞ்சியப் பாப்பான்?"

அந்தப் படத்தில் ஒரு கேள்விக்கும் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதில் ஆந்தைக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. அவர் போனபின் என் பட்டியலைக் கிழித்தேன். பட்டறைக்குப் போய்க் கதவைப் பார்த்து, ஒரு வரி மாற்றாமல் எழுதிக்கொண்டு வந்தேன். புதிய தாளில் பட்டத்தைப் போடவில்லை.

பத்தொன்பதாம் மாலை மண்டபம் கொள்ளவில்லை. இலைப்பொதிச் சோற்றைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் முன்வரிசையில், திருவிழாச் சட்டையில். திரையில் மீசைகூடச் சரியாக முளைக்காத ஆந்தை வந்தான். உப்பு மூட்டைகளுக்கு இடையே ஓடினான், ஒருவனை நம்பி ஏமாந்தான், முடிவில் கையில் பெட்டிகூட இல்லாமல் ஒரு படகில் ஏறினான். அவ்வளவுதான். விளக்குகள் எரிந்தன. மண்டபமே அவருடைய பிடரியைப் பார்த்தது.

"என்னய்யா..." சொய்லா அக்காவின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "அக்கா தங்கச்சி சங்கதி என்னாச்சு?"

அவர் திரும்பவில்லை. வெறும் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "பாவம், சின்னப் பய. ஒண்ணுமே தெரியாமப் படகு ஏறிட்டான்."

விடிந்ததும் மனம் கேட்காமல் பட்டறைக்குப் போனேன். கதவுக்கு முன்னால் முழங்காலிட்டு, பத்தொன்பதாவது வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். போட்டபின் சாக்பீஸைப் பையில் போடவில்லை. அந்த வரியிலிருந்தே கதவின் விளிம்போரமாக மேலே ஒரு கோடு இழுத்தார், எழுந்து நின்று இழுத்தார், எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் ஏறியும் இழுத்தார். முதல் படத்தின் பெயர் வந்ததும் நிறுத்தி, படகு அங்கேதான் போய்ச் சேர்கிறது என்பதுபோல் அதை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டார்.