கதவுவரை போய்வரும் நடை

எங்கள் இருதய தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு கட்டில்கள். யாரைச் சாதாரண வாட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுப்பவர் டொக்டர். ஆனால் காலையில் அவர் வருமுன் நோயாளியைப் பார்த்து எழுதிவைப்பது தாதியாகிய என் வேலை. நாடி, பிரஷர், நெஞ்சு நோ எல்லாம் பார்த்தபின் கட்டிலால் இறக்கி, கழிவறைக் கதவுவரை நடத்திக் கூட்டிவருவேன். வயல் செய்கிற ஆம்பிளைகள் அந்த நாலெட்டு நடைக்குள் பத்துத் தரம், "எப்ப மிஸ்ஸி வீட்டை விடுவியள்?" என்று கேட்டு உயிரை வாங்குவார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் காரம். "நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு வந்தது நீங்களோ, நானோ?" என்று திருப்பிக் கேட்பேன்.

தண்ணீரூற்று ஊரிலிருந்து வந்த அக்கா அப்படி ஒன்றும் கேட்கவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மாரடைப்பு வந்து மூன்றாம் நாள் அவரை நடத்தினேன்.

"நோ இருக்கே அக்கா?"

"ஒண்டுமில்லை மிஸ்ஸி."

"களைக்குதே?"

"இல்லை. நடப்பன்."

திரும்பி வரும்போது அவருடைய மேலுதட்டில் வியர்வை. நாடியும் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. கண்டேன். அந்தப் பக்கம் ஃபேன் காற்று வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே ஒருவர் கட்டிலுக்காகக் காத்திருந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று அது நான்தான். "நோ இல்லை, நன்றாக நடக்கிறார்" என்று எழுதினேன். டொக்டர் அதை நம்பிக் கையெழுத்து வைத்தார். மத்தியானம் வாட்டுக்கு அனுப்பினோம்.

மூன்று மணிக்குத் தள்ளுவண்டியில் திரும்பி வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாரே தவிர, ஒரு முனகல் இல்லை. பின்னேரம் முழுக்க அவரைச் சுற்றி ஓடினோம். பொழுதுபடும் நேரம்தான் நோ தணிந்தது. அவர் செத்திருந்தால் அது நான் எழுதின ஒரு வரியால் வந்த சாவு. சரியாகப் பயந்துபோனேன். அந்தப் பயம் அடுத்தநாள் காலை கோபமாக வெளியே வந்தது.

"நேற்று நடக்கேக்கையே நொந்ததுதானே?"

"ஓம்."

"பிறகேன் வாயைத் திறக்கேல்லை? கேட்டனான்தானே?"

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நடக்கச் சொன்னா நடந்திட வேணும் மிஸ்ஸி. சண்டையின்ரை கடைசி நேரம் எங்கடை அம்மா தனக்கு ஏலாதெண்டு சொன்னவா. ஒரு பாலை மரத்துக்குக் கீழை இருத்திப்போட்டு வந்தனாங்கள். வந்து கூட்டிக்கொண்டு போறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தது."

அந்தச் சண்டைக்குத் தப்பி நானும் அதே ரோட்டால் நடந்தவள். உள்ளங்காலில் கொப்புளம் வெடித்ததை ஒருவருக்கும் மூச்சுவிடாமல் நடந்தவள். அப்படிப்பட்ட நான், கேள்வியைக் கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வியர்வையைக் கண்டும் எழுதாமல் விட்டதை டொக்டரிடம் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலு நாளுக்குப் பிறகு மறுபடி நடத்தினேன். இந்தமுறை ஒரு கதிரையைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். "இடையிலை ஏலாதெண்டால் சொல்லுங்கோ. நான் இதிலைதான் நிப்பன்" என்றேன். அவர் மெல்ல நடக்கத் தொடங்கினார். கதவுவரை போனார், திரும்பினார். பாதி வழியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"நோ ஒண்டும் இல்லை. கால்தான் களைச்சுப்போச்சு. கொஞ்சம் இருக்கட்டே?"

கதிரையைப் போட்டேன். நாடி சீராக இருந்தது, பிரஷரும் அப்படியே. வியர்வை இல்லை. இரண்டாம் கட்டில்காரர் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். வேறு ஆளை அனுப்பினேன். அக்கா தானாக எழும்பும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு போய், வாட்டுக்கு விடலாம் என்று எழுதினேன்.