வருமானம் கேட்ட கட்டம்

விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் அப்பா 'விவசாயம்' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் 'ஆண்டு வருமானம்' கேட்டிருந்தார்கள். அதிலும் 'விவசாயம்' என்றே எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். தொகையைப் போடச் சொன்னதற்கு, "எழுதியாச்சு, போ கண்ணு" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ப்ளஸ் டூ முடித்திருந்தேன். கோவையில் மில்லுக்காரர்களின் அறக்கட்டளை ஒன்று பரீட்சை வைத்து, தேறியவர்களை நேர்காணலுக்குக் கூப்பிட்டு, நான்கு வருஷப் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளும். அரசு நுழைவுத் தேர்வு எழுதியதில் எனக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும்தான் வழியில்லை. உதவித்தொகை வந்தால் காலேஜ். வராவிட்டால் ஆவணி பிறந்ததும் என் ஜாதகத்தை வெளியே எடுப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தாள்.

அன்னூர் பக்கம் எங்கள் தோட்டம். கிணறு வற்றிவிட்டது. போட்ட இரண்டு போர்வெல்லிலும் தண்ணீருக்குப் பதில் கல்தூள் புகைதான் வந்தது. ஆனாலும் அப்பா தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "சந்தைக்குப் போய்ட்டு வாரேன்" என்று முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவார். பஞ்சு யாவாரம் என்று வீட்டில் சொல்லியிருந்தார். திரும்பும்போது காதோரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். "என்னங்கப்பா வாங்கியாந்தீங்க?" என்று வாசலிலேயே கேட்பேன். ஒன்றும் இருக்காது. தினம் சந்தைக்குப் போகிற மனுஷன் ஒரு பொரிப் பொட்டலம் வாங்கி வரக்கூடாதா? எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி. அதையும் கேட்டே விடுவேன்.

பரீட்சையில் விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். மெஷின் திருத்துமாம். நான் ஒரு வட்டத்தை அழித்து அழித்துத் தாளையே ஓட்டையாக்கிவிட்டேன். அந்த ஓட்டையை மெஷின் என்னவென்று படிக்குமோ என்று மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் 'தந்தையுடன் நேர்காணலுக்கு வரவும்' என்று கார்டு வந்தது. அதைப் படித்த பிறகு மிச்சமிருந்த தூக்கமும் போயிற்று.

ஏனென்றால் வீட்டில் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி தயாரானார்கள். "நம்மளப் போயி இல்லாதவீங்கன்னு நெனச்சுப்போட்டாங்கன்னா?" என்று அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் வாழையுமாகச் செழித்திருந்த, கோபிப் பக்கத்து மாமாவிடம் சொல்லிக் காரை வரவழைத்தார்கள். பஸ்ஸில் போகலாம் என்று அழாத குறையாகக் கெஞ்சினேன். "நாலு பேரு பாக்கற எடத்துல பஸ்ஸுல போயி எறங்கறதா அம்மணி?" என்றார் அப்பா. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். எங்கள் வீட்டில் மீசைக்குத்தான் முதல் பந்தி.

அறக்கட்டளை ஆபீஸ் பெஞ்சில் என் பக்கத்தில் பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா காலில் செருப்பில்லை. நான் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு பெரியவரும் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும் இருந்தார்கள். பெரியவர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

"காருங்களா?"

"நம்ம காருதானுங்க."

"பூமி எத்தனைங்க?"

"ஏழு ஏக்கராங்க."

"வருமானம் எப்படிங்க?"

"கொறையொண்ணும் இல்லீங்க."

உள்ளதும் போச்சு என்று நினைத்தேன். அப்பாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அந்த அம்மா என் பெயரை அடிக்கப் போவதுபோலத் தாளில் பேனாவை வைத்தார். பெரியவர் மட்டும் பொறுமையாகக் கேட்டார்: "கொறையில்லாதவங்களுக்கு நாங்க குடுக்கறதில்லீங்களே. எதுக்குங்க எழுதிப் போட்டீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"கண்ணு, நீ கொஞ்சம் வெளிய இரு."

அந்த அறைக்கு இருந்தது மேலும் கீழும் திறந்த அரைக் கதவு. பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றாலே எல்லாம் கேட்டது.

"ரெண்டு போரும் புகைதானுங்க. தோட்டம் காஞ்சு கெடக்குது. அவிநாசிப் பக்கம் ஒரு அரவை மில்லுல பஞ்சுப் பொதி தூக்கறனுங்க. ரெண்டு வருசமாச்சு. சட்டையக் கழட்டி வெச்சுப்போட்டு, வரும்போது போட்டுக்குவனுங்க. ஊட்டுல யாவாரம்னு சொல்லியிருக்கறன். புள்ளைக்குத் தெரிய வேண்டாமுங்க."

உதவித்தொகை கிடைக்குமா என்ற பயம் அந்த நிமிஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பொரிக்குச் சண்டை போட்டதுதான் ஞாபகம் வந்தது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே வந்தவரிடம் என்ன கேட்டார்கள் என்றேன். "சும்மா, ஊர் நாயம் பேசிட்டிருந்தோம்" என்றார். திரும்பும்போது மாமா காரின் அருமைபெருமைகளைப் பேசிக்கொண்டே ஓட்டினார்.

அடுத்த இரண்டு வாரமும் அவர் வெள்ளைச் சட்டையில் சந்தைக்குப் போனார். நான் தபால்காரரை எதிர்பார்த்துத் வண்டித் தடத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். ஒரு மத்தியானம் கடிதம் வந்தது. 'தங்கள் குடும்ப நிலையைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கியது. செலவு முழுவதையும் ஏற்றிருந்தார்கள்.

சாயங்காலம் அப்பாவிடம் நீட்டினேன். முதல் வரியிலேயே அவர் கண் வெகுநேரம் நின்றது. பிறகு மடித்துக் கொடுத்தார்.

"பாத்தயா, மார்க்குக்குத்தான் குடுத்திருக்காங்க."

"ஆமாங்கப்பா" என்றேன்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவரைப் பார்த்தபடியே, "இப்பெல்லாம் என்ன வாங்கியாந்தீங்கன்னு நீ கேக்கறதே இல்லயே கண்ணு" என்றார்.