படலைக்கு வெளியே

அன்ரோனெற் ரீச்சரின் முன்பள்ளியில் மற்ற நிறங்கள் எல்லாம் மாதக்கணக்கில் கிடக்கும். சித்திரம் கீறும் மஞ்சள் பஸ்ரல் கட்டி மட்டும் இரண்டு கிழமையில் தேய்ந்து தீர்ந்துவிடும். அதற்கு அவளேதான் காரணம்.

விடத்தல்தீவுக்கு அப்பால் உள்ள அந்தக் கரையூருக்கு, யுத்தம் முடிந்தபின், சனம் முகாமிலிருந்து திரும்பி வந்தது 2010இல். கூரை பறந்துபோன கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு, பதினொரு பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்தார்கள். புத்தகம் இல்லை. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த தாளும் பஸ்ரலும் இருந்தன. சித்திரம் அவளுக்கு அப்படியொன்றும் தெரியாது. வீடு கீறுவாள், வள்ளம் கீறுவாள், பனை கீறுவாள். ஐந்து வயதுக்கு அது போதும் என்று தொடங்கிவிட்டாள்.

முதல் கிழமையே, "உங்கட வீட்டு ஆக்கள் எல்லாரையும் கீறுங்கோ" என்று சொன்னாள். அந்த ஊரில் பத்துத் தரம் யோசித்துச் சொல்ல வேண்டிய சொல் அது. யோசிக்கவில்லை.

ஒரு சின்னவள் நிமிர்ந்து கேட்டாள். "ரீச்சர், செத்த ஆக்களையும் கீறலாமோ?"

"கீறலாம்" என்றாள் அன்ரோனெற், வாய்க்கு வந்தபடி. "அவையளுக்குத் தலைக்கு மேல மஞ்சள் வட்டம் போடுங்கோ. அந்தோனியார் படத்தில இருக்கிறமாதிரி."

பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தறப்பாள் கொட்டிலிலும் ஒரு அந்தோனியார் இருந்தார். அன்றிலிருந்து வட்டம்தான். ஒரு வாண்டு, நத்தாருக்கு அறுத்த சேவலுக்கும் போட்டது. நிறுவனத்திலிருந்து பார்க்க வந்தவர், எல்லாப் படத்திலும் சூரியன் இருப்பதாகவும் பிள்ளைகள் நல்ல நம்பிக்கையோடு இருப்பதாகவும் எழுதிக்கொண்டு போனார். ஒரு வீட்டுக்கு ஏன் நாலு சூரியன் என்று அந்தப் பெரிய மனுசன் கேட்கவில்லை.

வட்டம் போட முடியாதவர்கள்தான் சிக்கல். நிறஞ்சலாவின் தகப்பனை முகாமுக்கு வரும் வழியில் ஆமிக்காரர் விசாரிக்கவென்று இறக்கி வரிசையில் விட்டார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

"அப்பாவை எங்க கீற, ரீச்சர்?"

 அன்ரோனெற்றின் ஒரே மகன் மில்ரனும் அப்படி ஒரு வரிசையில்தான் நின்றான். பதினெட்டு வயது. "அம்மா, நீங்கள் நடவுங்கோ, நான் பின்னால வாறன்" என்றான். அவள் நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது வரிசை இருந்தது, அவன் இல்லை.

"வேலிப் படலைக்கு வெளியில கீறு, பிள்ளை" என்றாள். "வந்துகொண்டிருக்கிறார்."

அப்படியே பதினொரு படங்களில் ஏழு பேர் படலைக்கு வெளியே வந்து நின்றார்கள். கொட்டகைக்குள் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளைகள் போனபின் கூட்டும்போது, கடற்காற்றுக்குத் தாள்கள் திரும்பித் திரும்பி ஆடும். ஏழு பேரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு இருக்கும். எட்டாவது ஆள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்றும் இருக்கும். பயத்தில் தலை நிமிராமலே கூட்டி முடிப்பாள். தன் வீட்டுப் படலையையும் அவள் கொளுவுவதில்லை. காற்று அதை அசைக்கும் ஒவ்வொரு தரமும் எழும்பிப் பார்ப்பாள்.

அலுமாரிக்குள் ஒரு படிவம் கிடந்தது. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுப்பதற்கானது. கிராம சேவகர் அம்புறோஸ் கொண்டுவந்து தந்தபோது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "விருப்பமெண்டால் மட்டும், தங்கச்சி. பங்குனிக்குள்ள தந்தால் காணும்." கையெழுத்து வைத்தால் தன் பிள்ளையைத் தானே கொன்றமாதிரி. வைக்காவிட்டால் அவனைத் தெருவிலேயே விட்டமாதிரி. இரண்டுக்கும் நடுவில் அவள் நித்திரையில்லாமல் மெலிந்துகொண்டிருந்தாள்.

மாசி மாதம் ஒரு காலையில் நிறஞ்சலா மஞ்சளைக் கேட்டு வாங்கினாள். புதுத் தாளில் தகப்பனைக் கீறியிருந்தாள். இந்தத் தரம் வீட்டுக்குள்ளே, அடுப்படிக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே வட்டம் போடத் தொடங்கினாள்.

"ஆர் உனக்குச் சொன்னது?" அன்ரோனெற் பறித்த பறிப்பில் பஸ்ரல் இரண்டாக உடைந்தது.  அவள் அதுவரை யாரையும் உறுக்கினதில்லை.

நிறஞ்சலா அழவில்லை. "அம்மா ஞாயிற்றுக்கிழமை அப்பாவின்ர ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தவா, ரீச்சர். படலையில நிண்டு நிண்டு அப்பாவுக்குக் கால் உளையுதாம். அதுதான் உள்ள கூப்பிட்டிட்டம்."

 அன்ரோனெற் உடைந்த துண்டுகளில் பெரியதைப் பிள்ளையின் கையில் வைத்தாள். "நான் செய்தது பிழை" என்றாள். நிறஞ்சலா மிச்ச வட்டத்தையும் போட்டு முடித்தாள்.

அன்றைக்குத்தான் ரீச்சரும் பாயில் குந்தி ஒரு தாளை எடுத்தாள். இத்தனை நாள் படிப்பித்தும் தன் வீட்டைக் கீறினதில்லை. வீட்டைக் கீறினாள். படலையைக் கீறினாள். வெளியே மில்ரனைக் கீறினாள். இரண்டு வருசமாக அவன் கால்கள் எப்படி உளைந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தாள். நினைத்ததும் கண்ணீர் தாளில் விழுந்தது. மஞ்சள் துண்டு பக்கத்தில் கிடந்தது. கை அதுவரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"வட்டம் போடேல்லையோ?" என்று நிறஞ்சலா கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. என்னால ஏலாது."

பிறகு மண்ணிறத்தை எடுத்து, படலைக்கு வெளியே, மகனுக்குப் பக்கத்தில், அவன் உட்கார்ந்து கால் ஆற ஒரு கதிரை கீறினாள். கதிரையின் ஒரு கால் கட்டையாகப் போய்விட்டது. அதை நீட்டி, நிலத்தில் ஊன்றி நிற்கும்படி திரும்பக் கீறினாள்.

படிவம் பங்குனியில் வெறுமையாகவே அம்புறோசிடம் திரும்பிப் போனது.  பள்ளியில் அந்த மாதம் மண்ணிறமும் தீர்ந்துபோனது. வெளியே நின்ற மற்ற ஆறு பேருக்கும் பிள்ளைகள் கதிரை போட்டிருந்தார்கள்.