பாய்மரத்தின் அடியில் ஊற்றிய தீர்த்தம்

பொறுமை என்ற சாமானைக் கடவுள் எனக்கு அளந்து தரும்போதே கை சுருக்கிவிட்டார். அந்த வருடம் வாடைக்காற்று அடங்கி, கரையில் எல்லாருடைய வள்ளமும் இறங்கிவிட்டது. இயந்திரம் பூட்டியவை மூன்றோ நான்கோதான், மற்றதெல்லாம் பாய். என்னுடையது மட்டும் இழவெடுத்தது. பாய்மரத்தைப் பிடிக்கிற கயிற்றை இன்றைக்கு இறுக்கினால் நாளைக்குத் தொய்ந்து கிடக்கும். கயிறு விற்றவனைக் கடைவாசலில் வைத்தே தாறுமாறாக ஏசிவிட்டு வந்தேன். பிறகு பார்த்தால் கயிற்றில் ஒரு பிழையும் இல்லை. பாய்மரம்தான் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

தாராபுரத்து ஓடாவி சைக்கிளில் வந்தார். வள்ளம் கட்டுகிற தச்சரை நாங்கள் ஓடாவி என்போம். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒரு ஆப்பை அடிச்சு மரத்தைத் தூக்கிவிடுங்கோ நானா. நாளைக்கு நான் போகவேணும்."

"எங்க போக? கடலுக்கோ, கடலுக்கு அடியிலயோ? மரத்தைக் கழட்டுங்கோ தம்பி."

புறுபுறுத்துக்கொண்டே கழற்றினேன். வள்ளத்தின் அடியில், நடுவே ஒரு தடித்த கட்டை இருக்கும். அதில் குடைந்த குழிக்குள்தான் பாய்மரத்தின் கால் உட்காரும். பாயில் அடிக்கிற காற்றின் பாரமெல்லாம் கடைசியில் வந்து விழுவது அந்தக் கட்டையில்தான். நானா வள்ளத்துக்குள் குப்புறப் படுத்து, உளிப்பிடியால் அதை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ஓரம் கணீரென்றது. குழிக்குக் கிட்ட வரவர பொத்துப் பொத்தென்றது. ஒரு ஆணியைப் பெருவிரலால் அமத்தினார். தேத்தண்ணியில் ஊறின பாண்துண்டுக்குள் போவதுபோல் அது போய்விட்டது.

பிறகு உக்கிய மரத்தில் ஒரு நுள்ளு எடுத்து நாக்கில் வைத்தார்.

"என்ன நானா, காலைமை ஒண்டும் சாப்பிடேல்லையோ?"

அவர் துப்பினார். "உப்பில்லை. உப்புத்தண்ணி மரத்தைக் காக்கும், நல்ல தண்ணிதான் தின்னும். வள்ளம் முழுக்கச் சோக்கா இருக்கு, இந்தக் குழிக்குள்ள மட்டும் நல்ல தண்ணி நிண்டிருக்கு. கரையில கிடக்கேக்க நீங்கள் கிடுகு போட்டு மூடுறனீங்கள். இது எங்கால வந்தது?"

எங்கால வந்ததென்று எனக்குத் தெரியும்.

என் மனைவியின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கலியாணம் முடித்த நாளிலிருந்து, நான் புறப்படும் ஒவ்வொரு தடவையும் அவள் கோயில் தீர்த்தத்தைப் போத்தலில் கொண்டுவந்து, பாய்மரத்தின் அடியில் ஊற்றிச் செபம் சொல்லுவாள். அவளுக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான். உன் தீர்த்தம்தான் கட்டையை உக்கப்பண்ணியது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் புதுக் கட்டையும் உக்கும். ஏதோ ஒரு பெருங்காற்றில் மரம் அடிப்பலகையைப் பொத்துக்கொண்டு இறங்கும், நானும் மாமனார் போன வழியில் போகவேண்டியதுதான்.

நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவள் கேட்டா, பழைய மரம் எண்டு சொல்லிப்போடுங்கோ."

"பொய் சொல்லமாட்டன் தம்பி."

பெரிய அரிச்சந்திரன் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஆனால் அந்த மனிதன் வேலை செய்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பழைய கட்டையைப் பெயர்த்து, அடியில் நல்ல மரம் தெரியும்வரை சுரண்டினார். மறிச்சுக்கட்டிப் பக்கத்துக் காய்ந்த பாலைமரத்தில் புதுக் கட்டை செய்தார். பாலையில் உளி இறங்காது, அவர் கைக்கு மட்டும் இறங்கியது. மரத்தின் காலைக் குழிக்குள் வைப்பார், எடுப்பார், ஒரு சீவல் சீவுவார், திரும்ப வைப்பார். அவசரப்படுத்தின என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. தார் பூசிக் கட்டையை முடுக்கியபின், குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் சரிவாக ஒரு துளை போட்டார்.

"ஐயோ, நல்ல கட்டையில என்னத்துக்கு ஓட்டை?"

"பொறுங்கோ" என்றார்.

அந்த நேரம் பார்த்து மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். மற்றக் கையில் போத்தல்.

"ஏன் நானா உக்கினது?"

நான் கடலைப் பார்த்தேன்.

"நல்ல தண்ணி நிண்டு உக்கினது, தங்கச்சி."

அவள் விளங்காத மொக்கு இல்லை. கையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. "அப்ப நானோ? இவர் திரும்பி வரவேணுமெண்டுதானே ஊத்தினனான். நானே இவரைக் கடலுக்க தாட்டிருப்பன்!"

"ஊத்தினதில பிழையில்லை. குழியில விழுற தண்ணிக்கு வெளிய போக வழி விடவேணும். அதை விடாதது வள்ளம் கட்டினவன்ர பிழை. நான் இப்ப விட்டிருக்கிறன். நீங்கள் ஊத்துங்கோ."

பொய்யும் சொல்லவில்லை, அவளை நொறுக்கவும் இல்லை. அவள் கேட்க முதலே, அவளுடைய தீர்த்தத்துக்குப் பாலைமரத்தில் வழி வெட்டி வைத்திருக்கிறார்! அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல் இருந்தது எனக்கு.

அவள் பயந்து பயந்து கொஞ்சம் ஊற்றினாள். பக்கத்துத் துளையால் தண்ணீர் ஒழுகி வெளியே வந்தது. குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு போத்தலை முழுக்கக் கவிழ்த்தாள்.

கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டு மரத்தைத் தூக்கினோம். "சரி, செபத்தைச் சொல்லு" என்றேன். அவள் சொல்லி முடித்து, நானாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் ஒருக்கா ஓதிவிடுங்கோ நானா. உங்கட கை செய்த கட்டைதானே இனி இவரைத் தாங்கப் போகுது."

கோயில் தீர்த்தத்தைத் தவிர வேறொன்றையும் அந்த மரத்தடியில் அண்டவிடாதவள் அவள். நானா உளியைக் கீழே வைத்தார். தொப்பியைச் சரிசெய்தார். பிறகு "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, பாய்மரத்தின் காலை இரண்டு கையாலும் பிடித்துக் குழிக்குள் இறக்கினார்.