இரவல் மூக்கு

பழைய துணிக் கிடங்கில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. அது செய்கிற வேலைதான் பெரிது.

லாரியில் வரும் மூட்டைகளைப் பிரித்தால் கிழிந்த போர்வை, சாயம் போன திரைச்சீலை, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர் என்று ஊரே வந்து விழும். பருத்தி, இயந்திரம் துடைக்கும் துணியாகப் போகும். கம்பளியைப் பிய்த்து, மறுபடி நூற்று, புதுப் போர்வை நெய்வார்கள். கம்பளி மேசை மூக்கக்காவுடையது. தொட்டுப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக்கொண்டு வெளியே போய், மணல் தட்டின் மேல் மெழுகுவர்த்தியில் காட்டி மோந்து பார்ப்பாள். சுத்தக் கம்பளி என்றால் தலைமுடி கருகிய நாற்றம் மட்டும் வரும். செயற்கை நூல் கலந்திருந்தால் கூடவே காரமாக ஒன்று மூக்கில் ஏறும்.

பத்து வருஷம் பட்டன் வெட்டும் பகுதியில் குனிந்தே கிடந்த பிறகு கிடைத்த மேசை அது. ஜன்னலோரம். முதுகு சாய நாற்காலியும் உண்டு.

அந்த மூக்குக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது. காலையில் அடுப்பில் பால் தீய்ந்ததுகூடக் கணவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கென்று பார்த்து மேலாளர் வந்து நின்றார்.

"அக்கா, புதுப் போர்வை மில்காரர் மூணு மணிக்கு வர்றார். கலப்பு ஒண்ணு இருந்தாலும் மொத்தத்தையும் திருப்பிடுவார். அப்புறம் இந்த மேசையையே எடுத்துட வேண்டியதுதான்."

"நான் இருக்கேன்ல சார்" என்றாள். அவர் போனதும் சந்தேகக் குவியலைப் பார்த்தாள். முப்பது ஸ்வெட்டர்.

கிடங்கில் நல்ல மூக்கு இன்னொன்று இருந்தது. அடுத்த மேசையில் பருத்தி பிரிக்கும் அவளுடைய நாத்தனாருடையது. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே கிடங்கு. ஆனால் ஒன்பது நாளாகப் பேச்சு இல்லை.

காரணம் ஒரு நைட்டி. நீலப் பூப்போட்டது, துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆனது. நாத்தனார் அதை நாற்காலியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். மூக்கக்காவின் கை சும்மா இருக்குமா? தேய்ந்த துணியைக் கண்டால் கத்தரிக்கோல் தானாக எழுந்து வரும். குளித்துவிட்டு வந்தவள் கண்டது, அழகாக அடுக்கிய எட்டுத் துடைக்கும் துணிகள். அப்போதே மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இவளோ, "எட்டும் ஒரே அளவு, பாரேன்" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டுப் பேச்செல்லாம் கணவர் வழியாகத்தான் போய் வந்தது. "அண்ணா, உப்பு எங்கேன்னு உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க."

பன்னிரண்டு மணிக்கு மூக்கக்கா அடுத்த மேசை முன்னால் போய் நின்றாள்.

"மூக்கு அடைச்சிருக்கு. ஒண்ணும் தெரியலை."

நாத்தனார் தலை நிமிரவில்லை. கையிலிருந்த தலையணை உறையிடம் பேசினாள். "யாரோ பேசற மாதிரி கேக்குதே, உனக்குக் கேக்குதா?"

"நீதான் மோந்து சொல்லணும். இல்லேன்னா மேசை போயிடும்."

"மேசை போனா என்ன, கத்தரிக்கோல் இருக்கே."

சுற்றி இருந்தவர்களின் கைகள் மெதுவாயின. கண் துணியில், காது இங்கே.

மூக்கக்கா மூக்கை உறிஞ்சினாள். "தேய்ஞ்ச துணின்னு மட்டும் பார்த்தேன். உன் துணின்னு பார்க்கலை. தப்புதான். மன்னிச்சுக்கோ."

நாத்தனார் இப்போதுதான் நிமிர்ந்தாள். "எட்டும் ஒரே அளவாம்!" என்றாள், சிரிப்பை உதட்டில் கடித்துக்கொண்டு. "வாங்க அண்ணி, மெழுகுவர்த்தியை எடுங்க."

மணல் தட்டின் முன்னால் இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி எரித்தாள், ஒருத்தி மோந்தாள்.

"எப்படி இருக்கு?"

"அண்ணன் அடுப்புல குனிஞ்சு மீசையைப் பொசுக்கிக்கிட்டாரே, அந்த வாசனை."

"அது மட்டும்தானா?"

"மீசை மட்டும்தான்."

"கம்பளி. அடுத்தது."

"இதுல மீசையோட பிளாஸ்டிக் வாளியும் சேர்ந்து எரியுது."

"கலப்பு. தள்ளு."

இரண்டே காலுக்குக் கடைசி ஸ்வெட்டர் முடிந்தது. பதினொன்று வாளி, பத்தொன்பது மீசை.

மூன்று மணிக்கு மில்காரர் வந்தார். சிரித்தே பழகாத முகம். குவியலுக்குள் தோள்வரை கைவிட்டு அடியிலிருந்து ஆறு ஸ்வெட்டர்களை உருவினார். வெளியே போய் ஒவ்வோர் இழையாக எரித்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். ஆறாவதை வெகுநேரம் மோந்தார். மூக்கக்காவின் விரல்கள் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

"சுத்தம்" என்றார். "ஏத்துங்க."

"மீசை" என்று நாத்தனார் காதோரம் முணுமுணுத்தாள். மூக்கக்காவுக்குச் சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்தன.

மாலை இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர், "உப்பு எங்கேன்னு இன்னும் நான்தான் கேக்கணுமா?" என்றார். இருவரும் அவர் மீசையைப் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்ணாடியைத் தேடிப் போனார்.

நாற்காலியில் அவருடைய பழைய சட்டை கிடந்தது. காலர் தேய்ந்து நூல் தெரிந்தது. மூக்கக்காவின் கை நீண்டது; பாதியில் நின்றது.

"இதை வெட்டலாமா?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"என்னைக் கேட்டா? தாராளமா வெட்டுங்க அண்ணி!"

உள்ளேயிருந்து கணவர் ஓடி வரும் சத்தம் கேட்டது.